எண்ணெய் வண்டி மெதுவாகப் போகட்டும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. என் அக்காவுக்குக் கோபம் வந்தால் வாயே திறக்காது. அதனால்தான் அவள் நகராட்சித் தலைவி ஆனாள், நான் தையல் மிஷினோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அத்தான் சொல்வார். அக்காவின் கணவரான அவர் ஸ்டேஷன் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஊரில் எந்த மோட்டார் புகைந்தாலும் அவரிடம்தான் வரும். "ஊர் எரிஞ்சா உங்க அக்காகிட்ட போ, மோட்டார் எரிஞ்சா எங்கிட்ட வா" என்பது அவருடைய வழக்கமான பேச்சு. அவர் எதைச் சொன்னாலும் பாதி கேலியாகத்தான் இருக்கும்.

தண்டவாளம் எங்கள் ஊரை நடுவில் கிழித்துக்கொண்டு போகிறது. வீடுகள், ஸ்டேஷன், அத்தான் கடை, என் தையல் கடை எல்லாம் இந்தப் பக்கம். ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், நகராட்சி அலுவலகம் எல்லாம் அந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ரயில்வே கேட். இப்படி ஊரைக் கட்டிய புண்ணியவான் யாரென்று தெரிந்தால் அவருக்கு ஒரு மாலை போட்டு, நாலு வார்த்தை கேட்கலாம் என்றிருக்கிறேன்.

துறைமுகத்திலிருந்து கச்சா எண்ணெய் ஏற்றிக்கொண்டு போகும் ரயில்கள் வர ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் மாறியது. ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பு டேங்கர்கள், வால் எங்கே என்றே தெரியாது. அவை போகிற வேகத்தில் என் கடை மேஜையில் வைத்த கத்தரிக்கோல் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். நான் அதைத் திரும்ப எடுத்து வைத்து, ரயிலைத் திட்டிவிட்டு, வேலையைப் பார்ப்பேன்.

அக்கா அப்படி விடவில்லை. வேறொரு ஊரில் இதே மாதிரி எண்ணெய் வண்டி தடம் புரண்டு ஒரு தெரு முழுக்க எரிந்துபோனபோது, அவள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன பார்த்தாய் என்று நான் விடாமல் நச்சரித்த பிறகு சொன்னாள்.

"தண்டவாளத்தை ஒட்டி ஒரு தையல் கடை இருந்திருக்கு. மிஷினோட சக்கரம் மட்டும்தான் மிச்சம்."

எல்லாத் தையல் கடையும் ஒன்றா, போய் வேலையைப் பார் என்று அவளை விரட்டிவிட்டேன். எனக்கு அப்படித்தான் பேச வரும்.

அக்கா ரயில்வேக்காரர்களிடம் மூன்று விஷயம் கேட்டாள். எண்ணெய் வண்டி எப்போது வருகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்கள் தீயணைப்பு வண்டியில் தண்ணீர்தான் இருக்கிறது, எண்ணெய்த் தீயைத் தண்ணீரால் அணைக்க முடியாது, அதனால் நுரை அடிக்கும் வண்டி ஒன்று தர வேண்டும். ஊருக்குள் வரும்போது ரயில் மெதுவாகப் போக வேண்டும். அதிகாரிகள் முதலில் இது நகராட்சி கேட்கிற விஷயமே இல்லை என்றார்கள். தண்டவாளம் அவர்களுடையது, எண்ணெயோ கம்பெனியுடையது. எரிந்தால் சாகிற உரிமை மட்டும் எங்களுடையது போலிருக்கிறது. அக்கா விடாமல் நடந்தாள். கல்லில் நார் உரிக்கிற வேலை. கடைசியில் மூன்றாவதைக் கொடுத்தார்கள். அதற்கு மட்டும்தான் யாருக்கும் செலவில்லை.

ஊருக்கு வெளியே வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நட்டார்கள். அன்று முதல் எண்ணெய் வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில் ஊருக்குள் வந்தது. என் கத்தரிக்கோல் வைத்த இடத்தில் இருந்தது. தெருவே அக்காவைக் கொண்டாடியது. சாப்பிட உட்கார்ந்தபோது அத்தான் மட்டும் கேட்டார்.

"எல்லாம் சரி தலைவியம்மா. இது ஊர்ந்து போனா கேட்டு எப்ப தெறக்கும்?"

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். தீயைப் பற்றியே பேசிப் பேசி எங்கள் எல்லோருக்கும் கேட் மறந்துவிட்டது. நகராட்சிக் கூட்டத்தில் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் பேசினார்கள், ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கேட்டில் நின்று நின்று பழகியவர்கள் நாங்கள். மழை பெய்வது போல, வெயில் அடிப்பது போல, கேட் மூடும், திறக்கும். அதைப் போய் யார் தீர்மானத்தில் எழுதுவார்கள்?

அதன்பிறகு கேட் மூடினால் மூடியதுதான். ஆரம்பத்தில் கேலி செய்தார்கள், பிறகு முணுமுணுத்தார்கள். அத்தானுக்கு அது வசதியாகப் போயிற்று. எங்கே தாமதமாகப் போனாலும் "எம்பொண்டாட்டி வண்டி குறுக்க வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு மதியம் கேட் மூடியிருந்தது. எண்ணெய் வண்டி அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தது. என் கடை வாசல்வரை நீண்டிருந்த வரிசையில் பால் வேன் ஒன்று வந்து நின்றது. அத்தான் கடைக்கு அடுத்த கடைப் பால்காரருடையது. கதவு திறந்திருந்தது. உள்ளே அக்கா கீழே உட்கார்ந்திருந்தாள், அவள் மடியில் அத்தான் தலை. சட்டை முழுக்க வியர்வை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சரிந்துவிட்டாராம். எதிரே, கேட்டுக்கு அப்பால், ஆஸ்பத்திரியின் மாடி தெரிந்தது.

நான் கேட்கீப்பரிடம் ஓடினேன். ரயிலை நிறுத்து என்றேன். நிறுத்தினால் இங்கேயேதான் நிற்கும், இன்னும் மோசம் என்றார். அப்படியானால் வேகமாகப் போகச் சொல் என்றேன். அவர் நல்ல மனிதர், ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். பதிலைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வேகத்தைக் கூட்ட முடியாதாம்மா. நகராட்சி கேட்டு வாங்கின உத்தரவாம்."

வேனுக்குள் அது கேட்டிருக்கும். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அக்கா தலையைத் தூக்கவில்லை. நான் கேட்கீப்பரைத் திட்டினேன், ரயில் டிரைவரைத் திட்டினேன், கடவுளையும் விட்டுவைக்கவில்லை. நடுவில், நின்றிருந்த வேனின் இஞ்சினைப் பால்காரர் உறும விட்டார். வழியே இல்லாத இடத்தில் எதற்கு வண்டியை முறுக்குகிறாய், மூளை இருக்கிறதா என்று அவரிடமும் கத்தினேன். அவர் உறும விடுவதை நிறுத்தவில்லை. டேங்கர்கள் ஒவ்வொன்றாக, ஒழுங்காக, ஆபத்தில்லாமல் போய்க்கொண்டிருந்தன. கேட் திறந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று ஆரம்பித்தார். அக்காவைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டார்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, வேகக் கட்டுப்பாட்டை நீக்கக் கேட்கும் தீர்மானம் நகராட்சிக்கு வந்தது. கொண்டுவந்தவர் ஹார்டுவேர் கடைக்காரர், அத்தானின் சிநேகிதர். மனசு நிறைய பாசத்தோடுதான் கொண்டுவந்தார். இனி யாரும் அந்தக் கேட்டில் சாகக் கூடாது என்றார், பேசும்போதே அழுதுவிட்டார். எனக்கும் அதே எண்ணம்தான். அந்த மெதுவான சக்கரங்களை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். பறக்கட்டும், என் கத்தரிக்கோல் மட்டுமல்ல, கடையே நடந்து போகட்டும் என்றிருந்தது. பார்வையாளர் பெஞ்சில் போய் முதல் ஆளாக உட்கார்ந்தேன்.

ஓட்டெடுப்பில் இரண்டு பக்கமும் சமமாகக் கை தூக்கினார்கள். அப்படி வந்தால் தலைவியின் ஓட்டுதான் முடிவு. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். தன் புருஷன் செத்த கேட்டைத் திறந்துவிட அவளுக்கு ஒரு கை போதும். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கு அது வேகமாப் போயிருந்தா அவர் பொழைச்சிருக்கலாம். எனக்குத் தெரியும். ஆனா டேங்கர்ல இருக்கிறது அதே எண்ணெய்தான், அது மாறல. தண்டவாளத்தை ஒட்டி இன்னும் வீடு இருக்கு, கடை இருக்கு. மெதுவாவே போகட்டும். அந்தப் பக்கம் இருக்கிற டாக்டர்ல ஒருத்தர் இந்தப் பக்கம் உட்காரணும், அதைக் கேட்போம். பாலத்தையும் கேட்போம்."

பாலமாம். பரிசீலனையில் இருக்கிறது என்ற பதிலை நான் இங்கிருந்தே எழுதித் தந்துவிடுவேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். என் அக்காவாக இல்லாமல் இருந்தால் அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அவள் பின்னாலேயே வந்தாள். நான் வேகமாக நடந்தேன், ஆனால் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? கேட் மூடியிருந்தது. எண்ணெய் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. கோபித்துக்கொண்டு போகவும் இந்த ஊரில் வழியில்லை. அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் திரும்பவில்லை. இருவரும் டேங்கர்களையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அன்னிக்கு நீ முன்னாடி நின்னு கத்திட்டு இருந்தே," என்றாள். "அவரு கண்ணைத் தெறக்கல. கேட்டு தெறந்தாச்சான்னு கேட்டாரு. இன்னும் இல்லன்னு சொன்னேன். கொஞ்ச நேரத்துல திரும்பவும் கேட்டாரு. ரெண்டாவது தடவ இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெறந்தாச்சு, போய்க்கிட்டே இருக்கோம்னு சொன்னேன். நம்பணுமே, வண்டி அசையாம நிக்குதே. பால்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தாரு. ஒண்ணும் கேக்கல. இஞ்சினைப் போட்டு உறும விட்டாரு. வேன் ஆடுச்சு. அப்ப உங்கத்தான் சரின்னாரு. அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல."

நான் திட்டிய அந்த இஞ்சின் சத்தத்தில்தான் அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். எதிர்ப்பக்கம் டேங்கர்களின் இடைவெளியில் என் கடை தெரிந்து தெரிந்து மறைந்தது. மிஷினின் சக்கரம் இருந்தது, மிஷினும் இருந்தது, மேஜையும் இருந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி டேங்கர் போயிற்று. கேட் மேலே ஏறியது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. அக்கா நகரவில்லை.

"அக்கா, கேட்டு தெறந்தாச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பலாமா என்று பார்ப்பது போலிருந்தது.

"நெசமாவே தெறந்தாச்சுக்கா. வா" என்று சொல்லி அவளைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போனேன்.