கெட்டிக்கார மூக்கு

பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேராசிரியர் ஒரு மணி நேரமாக அளந்ததில் முக்கால்வாசி அவன் தலைக்கு மேலே போய்விட்டது. ஆனால் அவர் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி, "இது என்ன வகைன்னு யாராவது சொல்வீங்களா?" என்றதும், பழைய பிளாஸ்டிக் கிடங்கில் தரம் பிரிக்கும் அவன் விறுவிறுவென்று மேடையேறினான். லைட்டரால் ஓரத்தைப் பொசுக்கிப் புகையை ஆழமாக இழுத்தான்.

"பிவிசி, சார்!"

அரங்கமே கைதட்டியது. பேராசிரியர் மட்டும் தட்டவில்லை.

"எத்தனை வருஷமா இப்படி மோந்து பாக்குறீங்க?"

"இருபத்திரெண்டு வருஷம், சார். கிடங்குல என் மூக்குதான் மெஷின்."

அவர் மைக்கை அணைத்துவிட்டு மெல்லக் கேட்டார். "இருமல் இருக்கா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல, சார்."

முதல் வரிசையில் அவன் மனைவி, அவன் தோள் குலுங்கத் தொடங்கியதைப் பார்த்து, வழக்கம்போலத் தண்ணீர் பாட்டிலோடு எழுந்துவிட்டாள்.