கிருமிக்குக் கொடுத்த மூச்சு

மெழுகுதிரி கிடைக்காத காலத்தில் மெழுகுதிரி இல்லாமல் நடக்காத வேலை எனக்கு. ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? தொண்ணூற்றிரண்டில், போர்க்கால யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நானும், கிருமி வளர்க்க வெந்நீர்ப் போத்தல்களால் சூடேற்றிய ஒரு மரப்பெட்டியும்தான்.

குருநகர் யோசப்பினின் மகன் கனிசியசுக்கு நாலு வயது. மூளைக்காய்ச்சல். பெனிசிலின் ஏற்றியும் இறங்கவில்லை. அதைவிட வலுவான மற்ற மருந்தோ முடியும் தறுவாயில். "வீணாக்க ஏலாது, பாலேஸ்வரி. என்ன கிருமியெண்டு கெதியாச் சொல்லும்" என்று அருளம்பலம் டாக்டர் முடுக்கினார்.

நான் சந்தேகப்பட்ட கிருமிக்கு வெறும் காற்றுப் போதாது. காபனீரொட்சைட்டு, அதுதான் கரியமிலவாயு, நிறைய வேண்டும். அதன் நொதியங்கள் அந்த வாயுவைப் பிடித்து உடம்போடு சேர்த்தால்தான் வளரும். பிள்ளையின் முதுகுநீர் பூசிய வளர்ப்புத் தட்டையும் எரியும் மெழுகுதிரியையும் ஒரு சாடிக்குள் வைத்து இறுக மூடினால், திரி தானாக அணையும், எரிந்து உண்டான வாயு உள்ளே நிற்கும். கோயிலில் கெஞ்சி ஒரு துண்டுத் திரி கொண்டுவந்தாள் யோசப்பின். ஏற்றி மூடினேன். அணைந்தது. அந்த நேரம் பார்த்துக் குண்டு போடும் பொம்பர் இரைந்தது. பங்கருக்குள் பதுங்க ஓடினேன்.

திரும்பி வந்தால் சாடி திறந்து கிடக்கிறது. திரி அடிவரை எரிந்து முடிந்திருந்தது.

"என்னணை செய்து வைச்சிருக்கிறியள்?" கத்திவிட்டேன்.

"என்ரை பிள்ளைக்கெண்டு ஏத்தின திரி, மிஸ்ஸி. அது அணைஞ்சு நூந்து கிடக்க நான் பாத்துக்கொண்டிருக்கிறதோ?" என்றாள் யோசப்பின்.

அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. வேறு திரிக்கு எங்கே போவேன்? அறைக்குள் அங்குமிங்கும் நடந்தேன். பங்கர்ப் புழுதியில் எனக்கு இழுப்பு வேறு கிளம்பியிருந்தது. இழுத்து இழுத்து மூச்சு விடும்போதுதான் மூளையில் உறைத்தது. நாம் வெளியே விடும் மூச்சிலும் அதே வாயுதானே!

தட்டைப் பொலித்தீன் பையில் இட்டேன். பஞ்சடைத்த குழாயைப் பையின் வாயில் கட்டி அவளிடம் நீட்டினேன். "ஊதுங்கோ. அப்பதான் கிருமி வளரும்."

அவள் பின்வாங்கினாள். "என்ரை பிள்ளையைத் தின்னுறதுக்கு நான் மூச்சுக் குடுக்கிறதோ?"

"வளந்தால்தான் ஆளை அடையாளம் பிடிக்கலாம். எனக்கு ஊத ஏலாது. ஊதுங்கோ அக்கா, நேரம் போகுது!"

சிலுவை போட்டுக்கொண்டு ஊதினாள். தலை சுற்றிச் சுவரில் சாயும்வரை ஊதினாள். பையை இறுகக் கட்டி மரப்பெட்டிக்குள் வைத்தேன்.

மறுநாள் விடியத் தட்டில் சாம்பல் நிறப் பொட்டுகள். நான் நினைத்த கிருமியேதான். தட்டில் நான் வைத்திருந்த, பெனிசிலின் தோய்த்த கடதாசித் துண்டைச் சுற்றியும் அது கூச்சமில்லாமல் வளர்ந்திருந்தது; பெனிசிலினுக்கு அது சாகாது. வார்ட்டுக்கு ஓடினேன். டாக்டர் மருந்தை மாற்றினார்.

அதன் பிறகு எனக்குச் சோறும் இறங்கவில்லை, வேலையும் ஓடவில்லை. ஒரு மத்தியானம் யோசப்பின் வந்தாள்.

"கண் முழிச்சிட்டான், மிஸ்ஸி. தண்ணி கேட்டவன்."

அப்போது நான் அந்தத் தட்டைப் பானையில் போட்டு அவித்துக்கொண்டிருந்தேன்.

"உதுக்குள்ளையோ அந்தக் கிருமி கிடக்குது?"

"ஓம்."

"நிண்டு பாக்கிறன்."

தண்ணீர் தளதளத்தது. கனநேரம் கொதித்தபின் பானையை இறக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்."

விட்டேன். ஒருவழியாக இறக்கியபோது கேட்டாள்: "செத்திட்டுதோ?"

"செத்திட்டுது, அக்கா."

அதன் பிறகுதான் அவள் தரையில் குந்தி வாய்விட்டு அழுதாள்.