ரப்பர் செடித் தொட்டி

கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பெரியவள் துழாவிக்கொண்டிருந்தாள். ஒற்றைச் செருப்பு, ஒரு பாட்டில் மூடி, ஒட்டடை. வேறொன்றும் அகப்படவில்லை. கட்டிலின் மேல் அப்பா கிடந்தார். காலையில்தான் உயிர் போயிருந்தது.

"சீக்கிரம்மா," என்றார் வண்டிக்காரர், கதவில் சாய்ந்தபடி. வெளியே நிற்கிற பிண வண்டி அவருடையது. "தாடை இறுக ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் யார் வந்தாலும் வாயைத் திறக்க முடியாது."

அவள் தேடியது அப்பாவின் பல் செட்டை. அப்பா ஆயுசு பூரா மற்றவர்களுக்குப் பல் செட் செய்து கொடுத்தவர். "என் வாய்தான்டி என் கடைக்குப் போர்டு" என்பார். பெற்ற மகள்கூட அவரைப் பொக்கை வாயோடு பார்த்ததில்லை. இப்போது கன்னம் இரண்டும் உள்ளே விழுந்து, உதடு மடங்கி, முன்பின் தெரியாத கிழவர் யாரையோ கொண்டுவந்து போட்ட மாதிரி இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. பயமாகத்தான் இருந்தது.

சின்னவள் வேறு வந்துகொண்டிருந்தாள். அம்மா செத்தபோது அவள் வந்து சேருவதற்குள் பெட்டியை மூடியாகிவிட்டது. ஆணிகூட அடிக்கவில்லை, சும்மா மூடிதான். "ஒரே ஒரு தடவை திறங்கப்பா, மூஞ்சிய மட்டும் பார்த்துக்கறேன்" என்று காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள். அப்பா மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு "முடியாது" என்றார். அன்றைக்குப் போனவள்தான், இந்த வாசல்படியை மிதிக்கவேயில்லை. இந்தத் தடவையாவது அவளுக்கு முகத்தைக் காட்டிவிட வேண்டும், அதுவும் அப்பாவின் முகமாகவே காட்டிவிட வேண்டும் என்று பெரியவள் தவித்தாள்.

ஹாலில் தடால் என்று ஒரு சத்தம்.

"போச்சு! வக்கீல் தன் வேலையைக் காட்டிட்டான்," என்றார் சித்தப்பா.

வக்கீல் என்பது நாய். காற்றோடுகூட வாதாடும் என்று அப்பா வைத்த பெயர். சோபாவைக் கிழிக்கும், ஒயரைக் கடிக்கும், குளித்துவிட்டு வந்தவரின் துண்டை இழுக்கும். அப்பாவின் பல் செட்டையே ஒரு முறை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஆனால் மூலையில் இருந்த ரப்பர் செடிப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காது. அம்மா போன பிறகு அப்பா வாங்கி வைத்த செடி அது. தண்ணீர் ஊற்றக்கூட வேறு யாரையும் விடமாட்டார். சாயங்காலம் நாற்காலியை அதன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டால், வக்கீல் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு சுவரோரமாகச் சுற்றிப் போகும்.

இப்போது தொட்டி கவிழ்ந்து கிடந்தது. இலைகள் நார் நாராய்க் கிழிந்திருந்தன. சோபா வரைக்கும் மண். நடுவில் வக்கீல் தோண்டிக்கொண்டிருந்தது, ஒரு குரைப்பில்லை, உறுமலில்லை.

"சனியனே! இன்னைக்குத்தானா உனக்கு?" அவள் விளக்குமாற்றை ஓங்கினாள். நாய் ஓடவில்லை. ஒதுங்கி நின்று அவளையே பார்த்தது. வேருக்கு நடுவில் வரிசையாகப் பற்கள் தெரிந்தன.

"அடப்பாவி, இங்கதான் கொண்டாந்து புதைச்சியா!"

வேர் இப்படி இறுகச் சுற்றியிருக்கிறதே என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. பிய்த்தெடுத்து, குழாயடியில் தேய்த்துக் கழுவி ஓடிவந்தாள். சித்தப்பா தாடையைப் பிடித்துக்கொள்ள, அவள் மேல் வரிசையை வைத்தாள், பிறகு கீழ் வரிசையை. தள்ளவே வேண்டியிருக்கவில்லை. அவராகவே உள்ளே வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அவள் விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

கன்னம் நிரம்பியது. உதடு லேசாக மேலேறியது. வக்கீல் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் வாய்க்கு நேராக ஒரு காதைச் சாய்த்தது.

"அப்பாடா," என்று சித்தப்பா அப்பாவின் சட்டையை மாற்றப் போனார். பழைய சட்டையின் பையில் ஒரு கைக்குட்டை முடிச்சு தட்டுப்பட்டது. பிரித்தார். நேர் வரிசையாய், வெள்ளை வெளேரென்று ஒரு பல் செட்.

அது அப்பாவுடையது. பார்த்தவுடனே தெரிந்தது.

"அப்போ... வாயில இருக்கிறது யாரோடதும்மா?"

பெரியவள் குனிந்து பார்த்தாள். இடப்பக்கத்துக் கோரைப்பல் பக்கத்துப் பல்லின் மேல் கொஞ்சம் ஏறியிருந்தது. 'என் பல்லு கோணல்தான். நேராச் செஞ்சா நான் வேற யாரோ ஆயிடுவேன்' என்று அம்மா அடம்பிடித்துச் செய்யச் சொன்ன பல்.

அதைக் கடைசியாக அம்மாவின் வாயில் வைத்தது இவள்தான். தன் கையால் வைத்தாள். அப்புறம் அப்பா எல்லாரையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். மனுஷர் தனியாக அழப்போகிறார் என்று நினைத்தார்கள். திரும்பி வந்தபோது பெட்டி மூடியிருந்தது.

மூடியின் மேல் அவர் கை இருந்த காரணம் இப்போது புரிந்தது.

"அடப்பாவி மனுஷா," என்றாள். கோபம் கோபமாக வந்தது. அவர் நெற்றியைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது.

வண்டிக்காரர் தாடையை அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இறுகிப் போச்சும்மா. இனி எடுக்க முடியாது."

"ஒருத்தர் செட்டு இன்னொருத்தருக்குச் சேரவே சேராதுன்னு அண்ணன் அடிச்சுச் சொல்வாரே," என்று முணுமுணுத்த சித்தப்பா ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

வாசலில் கார் நின்றது. சின்னவள் மண்ணை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அழக்கூடாது என்று வழியெல்லாம் தீர்மானித்துக்கொண்டு வந்த முகம். புது ஆளைக் கண்டால் வீட்டையே இரண்டாக்கும் வக்கீல், எழுந்து அவளுக்கு இடம் விட்டது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். தோளிலிருந்த பை நழுவி விழுந்தது.

"அக்கா... இது அம்மா சிரிப்புக்கா."

பெரியவள் சொல்ல வாயெடுத்தாள். பிறகு சித்தப்பா கையிலிருந்த பல் செட்டை வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நேரமாகுது, பெட்டியில வச்சு மூடிடலாமா?" என்றார் வண்டிக்காரர் தணிந்த குரலில்.

"வேண்டாம். அவ பார்த்து முடிக்கட்டும்."

சின்னவள் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னும் கிட்டத்தில் குனிந்தாள். முதுகுக்குப் பின்னால் மூடியிருந்த பெரியவளின் கைக்குள் அப்பாவின் பற்கள் அழுத்திக்கொண்டிருந்தன.