ஒன்று ஒன்று இரண்டாயிரத்து ஏழு

ஒன்பது மணிக்கு வரச் சொன்னவர்கள் பன்னிரண்டு வரை கூப்பிடவில்லை. பாசன அலுவலக வராந்தாவில், துருப்பிடித்த ஷட்டர் பலகைகளைச் சாத்தியிருந்த சுவரோரம் துரைராசு குந்தியிருந்தான். வேட்டி மடிப்பில் போன். ஓரமெல்லாம் ரப்பர் வைத்த, தலையில் டார்ச் உள்ள, தடித்த பட்டன் போன். மதகுக் கட்டையிலிருந்து எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது, ஒன்றும் ஆனதில்லை. இன்றைக்கு அவன் பிழைப்பு அதற்குள்தான் இருந்தது.

பதினோரு வருஷமாகத் தினக்கூலி லஸ்கர். வாய்க்கால் மதகைத் திறந்து மூடுவதும், காலையும் மாலையும் தண்ணீர் மட்டம் பார்த்து உதவி இன்ஜினியர், ஏ.இ. சாய்ராமுக்கு மெசேஜ் போடுவதும் அவன் வேலை. போன வியாழக்கிழமை மழையில் கரை உடைந்து, நட்டுப் பத்தே நாளான எண்பது ஏக்கர் சம்பாவில் மண் ஏறிவிட்டது. மட்டம் ஏறியதை லஸ்கர் சொல்லவேயில்லை, குடித்துவிட்டுக் கிடந்தான் என்று சாய்ராம் எழுதிக் கொடுத்துவிட்டார். குடித்தானாம்! மிஞ்சும் தண்ணீரை வெளியே விடும் வடிகால் ஷட்டரைச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைத் தன் மேஜை டிராயரில் போட்டு வைத்திருப்பவர் அவர். ஊரில் பயிர் போனவர்கள் இப்போது துரைராசு வீட்டு வாசலில் நின்று காறித் துப்பிவிட்டுப் போகிறார்கள்.

ஒரு வழியாகக் கூப்பிட்டார்கள். விசாரணைக்கு வந்த பெரிய இன்ஜினியர் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் சாய்ராம்.

"சொல்லுய்யா. தகவல் சொன்னியா, இல்லையா?" என்றார் பெரிய இன்ஜினியர்.

"சொன்னேங்க சார். போன் அடிச்சேன், எடுக்கல. மெசேஜ் போட்டேன். இந்தாங்க, பாருங்க."

இங்கிலீஷ் அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் கட்டைவிரலுக்கு வழி தெரியும். மெனு, கீழே இரண்டு, ஓகே. மறுபடி கீழே மூன்று, ஓகே. டெம்ப்ளேட் என்ற இடத்தில் ஜெராக்ஸ் கடை நூர்ஜஹான் அவனுக்காக நாலு வாசகம் எழுதிப் போட்டிருந்தாள். நாலாவது, 'டேஞ்சர். சாவி வேணும்.' அதை அவன் அனுப்பியது அந்த வியாழக்கிழமை ஒரு தடவைதான். அனுப்பிய மெசேஜ்களில் அதைத் திறந்து நீட்டினான்.

பெரிய இன்ஜினியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "மெசேஜ் இருக்கு. தேதி என்னய்யா, ஒண்ணு ஒண்ணு ரெண்டாயிரத்து ஏழுன்னு இருக்கு?"

சாய்ராம் சிரித்துவிட்டார். "அப்ப நான் பத்தாங்கிளாஸ் சார். அப்பவே சொல்லிட்டான் போல."

துரைராசுவுக்குக் காது சுட்டது. அந்த வியாழக்கிழமை காலை போன் வாய்க்காலில் விழுந்தது. பாட்டரியைக் கழற்றி, ஈரம் போகத் தவிட்டில் புதைத்து, மத்தியானம் மாட்டினான். மாட்டியதும் ஒன்று ஒன்று இரண்டாயிரத்து ஏழு என்று காட்டித் தேதி கேட்டது. அது எப்போதும் கேட்கும், இவனும் எப்போதும் வெறும் ஓகேயை அழுத்திவிடுவான். முறைத் தண்ணீர் என்றைக்கு, அமாவாசை என்றைக்கு என்பதெல்லாம் மனப்பாடம். போனிடம் போய்த் தேதி கேட்கும் அவசியம் அவனுக்கு வந்ததேயில்லை.

"சார், ஒரு நிமிஷம் இருங்க."

இன்பாக்ஸுக்குப் போனான். போன வருஷம் இதே சாய்ராம் மெசேஜே வரவில்லை என்று ஆப்சென்ட் போட்டபோது, நூர்ஜஹான் செட்டிங்ஸில் ஒன்றை ஆன் பண்ணி விட்டிருந்தாள். மெசேஜ் போய்ச் சேர்ந்ததும் சிம் கம்பெனியே பதில் அனுப்பும். அதில் இருப்பது கம்பெனி போடும் நேரம், போன் போடுவதல்ல. திரையைப் பெரிய இன்ஜினியர் முகத்துக்கு நேரே நீட்டினான். டெலிவர்டு. சாய்ராமின் நம்பர். வியாழக்கிழமைத் தேதி. மாலை நாலு ஐம்பத்திரண்டு.

கரை உடைந்தது ஆறரைக்கு. சாவி வந்து சேர இருபது நிமிஷம் போதும்.

பெரிய இன்ஜினியர் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு சாய்ராமைப் பார்த்தார். சாய்ராம் மின்விசிறியைப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார் பெரியவர்.

"இத ஃபைல்ல எப்படிய்யா வைக்கிறது? நகல் கொண்டா, மூணு மணிக்குள்ள. இல்லேன்னா வேலைய விட்டு எடுக்க எழுதிருவேன்."

"போட்டோ புடிச்சுக் கொண்டாரட்டுங்களா?"

சாய்ராம் முந்திக்கொண்டார். "போட்டோன்னா கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் பண்ணலாம் சார். ஒரிஜினலோட ஜெராக்ஸ் எடுத்துட்டு வரட்டும்."

பெரியவர் தலையாட்டினார்.

போனைத் தூக்கிச் சாய்ராம் மூஞ்சியில் அடித்தால் போனுக்கு ஒன்றும் ஆகாது என்று துரைராசுவுக்குத் தோன்றியது. திரும்பி வெளியே வந்துவிட்டான்.

"லூசாண்ணே அவங்க?" என்றாள் நூர்ஜஹான், அவன் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னதும். "போன ஜெராக்ஸ் எடுத்தா கறுப்பாத்தான் வரும். தெரிஞ்சேதான் சொல்லியிருக்கான், கடங்காரன்."

"எடும்மா. என்ன வருதோ வரட்டும்."

திரை அணையாமலிருக்க ஒரு பட்டனை அழுத்தி, போனைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தாள். வெளிச்சம் ஓடியது. தாள் முழுக்கக் கறுப்பாக வந்தது. நடுவில் பட்டன்கள் மட்டும் பற்களைப் போலத் தெரிந்தன. மூன்று தடவை எடுத்தாள், மூன்றும் அப்படித்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தன் செல்லில் போட்டோ பிடித்து, எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிய பிரிண்ட் போட்டாள்.

"ரெண்டையும் கொடுங்கண்ணே. கண்ணு இருந்தா பாக்கட்டும்."

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது அலுவலகத்துக்கு ஓடினான். பெரிய இன்ஜினியரின் ஜீப் போய்விட்டிருந்தது. தபால் வாங்கும் கிளார்க் மதிவாணன் இரண்டு தாளையும் புரட்டினார்.

"இது போட்டோ. வாங்கக் கூடாதுன்னு ஏ.இ. சொல்லிட்டுப் போயிருக்காரு." அதைத் திருப்பித் தள்ளினார். கறுப்புத் தாளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இதான ஜெராக்ஸ்?"

"இதுல ஒண்ணுமே தெரியலீங்களே சார்!" குரல் வராந்தா வரை கேட்டது. "அதுல எல்லாம் இருக்கு, அத வாங்க மாட்டேங்கிறீங்க. என்னங்க அநியாயம் இது?"

"கத்தாதய்யா. கேட்டத கொடுத்துட்ட, நான் வாங்கிக்கிறேன். அவ்ளோதான்."

மதிவாணன் முத்திரையை மையில் அழுத்தி, தாளின் மேல் ஓங்கிக் குத்தினார். கறுப்பின் மேல் நீல மை தெரியவில்லை. மறுபடி மையில் அழுத்தி மறுபடி குத்தினார். எதுவும் விழவில்லை. அப்படியே ஃபைலில் கோத்து, நாடாவை இழுத்துக் கட்டினார்.