டெண்டர் பெட்டிக்கு ஒரு டெண்டர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. சிறுதொழில் செய்கிறவர்களுக்கான மாத இதழ் ஒன்றின் ஆசிரியர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'மாநகராட்சி டெண்டர்களைக் கண்டுபிடித்து வெல்ல எளிய வழிகள்'. 'எளிய' என்பதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அதை எடுத்தால் ஒருத்தரும் படிக்கமாட்டார்கள் என்றார்.

கட்டுரை இப்படித் தொடங்கியது:

"ஒரு மாநகராட்சிக்குத் துடைப்பம் முதல் பாலம் வரை எல்லாமே தேவைப்படுகிறது. அதையெல்லாம் யாராவது விற்றுத்தான் ஆகவேண்டும். அந்த யாராவது ஏன் நீங்களாக"

அந்த இடத்தில் அக்கா போன் செய்தாள். டெண்டர் போடப் போகிறாளாம். கூட வந்தால் உன் கட்டுரைக்கும் ஆகும், எனக்கும் துணையாக இருக்கும் என்றாள். போனேன். கட்டுரை அதோடு போயிற்று.

(இன்னொரு தொடக்கமும் எழுதிப் பார்த்தேன்: "தகரத்துக்கு வாய் இருந்தால்..." தகரத்துக்கு வாய் இருந்தால் முதலில் என்னைத்தான் திட்டும். அடித்துவிட்டேன்.)

2

அக்காவை அறிமுகப்படுத்த வேண்டும். அவளுக்குத் தகரப் பட்டறை இருக்கிறது. தபால் பெட்டி, பணப்பெட்டி, முதலுதவிப் பெட்டி, எதுவானாலும் மூடி உள்ளதாக இருந்தால் செய்வாள். மூடி இல்லாததை அவள் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை. நான் ஒரு தட்டு செய்து தரக் கேட்டபோது, அதை ஏன் பாதியில் நிறுத்தவேண்டும் என்றாள்.

ஆனால் உலகம் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டது. எங்கள் இருவருக்கும் மூத்த அண்ணன் காலம் தெரிந்து பீரோ வியாபாரத்துக்குப் போய்விட்டார். கண்ணாடிக் கதவு வைத்த பெரிய ஷோரூம். அக்காவை அங்கே கவுண்டரில் உட்காரவைக்க வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. அதற்காக ஒரு சுழல் நாற்காலிகூட வாங்கி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். அக்காவின் விரல்களில் இருக்கும் வெட்டுக்காயங்களைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது. பாசம்தான். அந்தப் பாசத்துக்கு அக்கா பயந்துகொண்டிருந்தாள்.

கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மாநகராட்சி வேலை ஒன்றாவது கிடைத்தால் பட்டறை இருக்கும். கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு அவள் ஷோரூமுக்கு வந்துவிடுவாள். இந்தக் கதையில் பணயம் அதுதான். இதை எங்கேயாவது நயமாக உணர்த்த வேண்டும் என்று பார்த்தேன். வரவில்லை. நேராகவே சொல்லிவிட்டேன்.

3

இப்போது கட்டுரையிலிருந்து ஒரு பத்தி. ஆசிரியர் படித்தால் சந்தோஷப்படுவார்.

டெண்டர்கள் ஒளிந்திருப்பதில்லை. மாநகராட்சி இணையதளத்திலும் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் தினமும் வருகின்றன. விற்பனையாளராக முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். முன் அனுபவம் கேட்பார்கள். முன்பு வேலை கொடுத்திருந்தால்தான் முன் அனுபவம் இருக்கும். இருந்தால்தான் வேலை கொடுப்பார்கள். இதைப் பற்றி யோசிக்காதீர்கள், தலை சுற்றும். முன் அனுபவம் கேட்காத சின்ன டெண்டர் எப்போதாவது ஒன்று வரும். அதைப் பிடித்துவிட்டால் பள்ளிக்கூட அலமாரிகள், மருத்துவமனைப் பெட்டிகள் என்று மற்ற கதவுகளெல்லாம் திறக்கும்.

அக்கா அறிவிப்புப் பலகையின் முன்னால் காத்திருந்து அப்படி ஒன்றைப் பிடித்தாள். 'டெண்டர் பெட்டி வழங்குதல். எண்ணிக்கை: ஒன்று. முன் அனுபவம் தேவையில்லை.'

பழைய டெண்டர் பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதாம். மேலே போட்ட ரகசிய உறை கீழே தரையில் விழுந்து, நடமாடுகிறவர்கள் காலில் மிதிபட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதனால் புதுப் பெட்டி. இரண்டு பூட்டு, கை நுழையாத வாய், யாராலும் உடைக்க முடியாத உடம்பு. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தன்னை நினைத்தே யாரோ எழுதியதுபோல் இருக்கிறது என்றாள்.

4

கொள்முதல் அதிகாரியை நான் வில்லனாக எழுத ஆசைப்பட்டேன். மேசைக்கு அடியில் கை நீட்டுகிற ஆளாக ஒரு பக்கம் எழுதியும்விட்டேன். அந்த மனிதர் ஒத்துழைக்கவில்லை. நாங்கள் போனதும் எழுந்து நாற்காலி போட்டார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அவரிடம் இருந்த ஒரே குறை, எல்லா வாக்கியத்தையும் "எல்லாம் சரிதான், ஆனா" என்று தொடங்குவது. அக்கா அவருக்கு 'ஆனா சார்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

அக்கா உறையை நீட்டினாள்.

"எல்லாம் சரிதான், ஆனா இதை நான் கையில வாங்கக்கூடாதும்மா. டெண்டர் பெட்டியிலதான் போடணும்."

"பெட்டி எங்க சார்?"

"அதைத்தானே வாங்கப் போறோம்."

மூவரும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய பெட்டியையே பயன்படுத்தலாமே என்று கேட்டேன். அதைக் கழிவுப் பொருளாக அறிவித்தாயிற்று, கழிவுப் பொருளில் போட்ட உறை கழிவு உறையாகிவிடும் என்றார். கிண்டலே இல்லை. மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

(வாசகர் இங்கே "இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்கலாம். நீங்கள் இதுவரை எந்த அலுவலகத்துக்கும் போனதில்லை போலிருக்கிறது. கொடுத்துவைத்தவர்.)

5

அக்கா பட்டறைக்குப் போய்ப் பெட்டியைச் செய்துவிட்டாள்.

அவள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? எப்படிப் பார்த்திருப்பீர்கள், நான் இன்னும் எழுதவில்லையே. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டுவது அவளுக்குப் பிடிக்காது. ஓரத்தை மடித்து, மடிப்புக்குள் அடுத்த மடிப்பைக் கோத்து, மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போவாள். பெட்டியின் வாய்க்குள் வளைந்த தொண்டை ஒன்று வைத்தாள். உள்ளே போவது போகும், திரும்பி வராது. பெட்டி செய்கிறவர்கள் பின்னால் பழுது பார்ப்பதற்காக தறைகளில், அதாவது தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளில், ஒன்றை மட்டும் மென்மையாக விட்டுவைப்பது வழக்கம். அது எங்கே இருக்கிறது என்பது செய்தவருக்கு மட்டும் தெரியும். 'யாராலும் உடைக்க முடியாத' என்று நிபந்தனையில் இருந்ததால் அக்கா அதையும் இறுக்கிவிட்டாள். யாராலும் என்றால் தானும் சேர்த்தி என்பது அவள் கணக்கு.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். இரவலாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஆனா சாருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் சரிதான், ஆனால் மாநகராட்சி இரவல் வாங்கக்கூடாது. அன்பளிப்பாகவும் வாங்கக்கூடாது, அது லஞ்சம். வாங்கினால் கொள்முதல், அதற்கு டெண்டர் வேண்டும். நகத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தவர் முகம் சட்டென்று மலர்ந்தது. பொதுமக்கள் மறந்து விட்டுச்செல்லும் பொருள்களை உரியவர் கேட்கும்வரை அலுவலகத்தில் வைத்திருக்க விதி இருக்கிறதாம்.

"நீங்க இதை இங்க மறந்துட்டுப் போயிடுங்கம்மா."

அக்கா பெட்டியைத் தாழ்வாரத்தில் வைத்தாள். வாசல்வரை போய் மறந்தாள். உள்ளே திரும்பி வந்தோம். இப்போது அலுவலகத்துக்கு டெண்டர் பெட்டி இருந்தது.

முதலில் உறை போட்டவர் எங்கள் அண்ணன். ஆமாம், அவரும் போட்டியில் இறங்கிவிட்டார். தங்கை தோற்றால்தானே ஷோரூமுக்கு வருவாள். நஷ்ட விலைக்கு எழுதியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. "உன் நல்லதுக்குத்தான்" என்று அவள் தலையைத் தடவிவிட்டுத்தான் போட்டார்.

6

இனி வரும் பகுதியை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். சாவி விஷயம்.

பூட்டு இரண்டு, சாவி இரண்டு. ஆனா சார் அவற்றை வாங்கமாட்டேன் என்றார். மறந்துபோன பொருளின் சாவி அதிகாரி கையில் இருந்தால் மறதியில் அவருக்கும் பங்கு என்றாகிவிடும். சரி, நானே வைத்துக்கொள்கிறேன் என்றாள் அக்கா. அதுவும் முடியாது. போட்டியாளர் கையில் டெண்டர் பெட்டியின் சாவி இருந்தால் டெண்டரே ரத்து. அப்போது அக்காவுக்கு நிபந்தனை ஒன்று நினைவுக்கு வந்தது. 'பூட்டின் தரத்தைச் சோதிக்க, சாவிகளை டெண்டர் உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும்.'

எங்கள் மூவருக்கும் அப்பாடா என்றிருந்தது. நிபந்தனையை ஒரு சொல்கூட மீறாதவரே வெல்வார் என்று கட்டுரைக்கு ஒரு வரியும் எனக்குக் கிடைத்தது. அக்கா சாவிகளை உறைக்குள் வைத்தாள். ஒட்டினாள். முத்திரை வைத்தாள். பெட்டியின் வாயில் போட்டாள்.

சாவிகள் அடித்தகட்டில் விழுந்த சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. நல்ல தகடு, நல்ல சத்தம்.

ஆனா சார் சொன்னார்: "எல்லாம் சரிதான், ஆனா"

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.

7

டெண்டர் திறக்கும் நாள். தாழ்வாரத்தில் பெட்டி, அதைச் சுற்றி நாங்கள். பூட்டுக்காரர் ஒருவரை அழைக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அழைக்கலாம். அது சேவைக் கொள்முதல், அதற்கு டெண்டர் விடவேண்டும், அந்த உறைகளை இதே பெட்டியில்தான் போடவேண்டும்.

அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். போட்டியாளர் செய்யும் தாங்குதிறன் சோதனை என்று எழுதிக்கொண்டு ஆனா சார் அனுமதித்தார். அண்ணன் கடப்பாரையை வைத்து நெம்பினார். காலால் மிதித்தார். பெட்டியைத் தூக்கித் தரையில் போட்டார். தரையில் ஓடு ஒன்று உடைந்தது. கடைசியில் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. விரலால் மடிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். இத்தனை வருடமாக இரும்புப் பீரோ விற்கிறவர். இப்படி ஒரு மடிப்பை அவர் கடையில் யாரும் மடித்ததில்லை.

"நல்லா செஞ்சிருக்கே" என்றார்.

அவர் அக்காவைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை. அக்காவும் கேட்டதில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. இங்கேயே கதையை முடித்திருக்கலாம். ஆனால் பாராட்டு முன் அனுபவச் சான்றிதழ் ஆகாது.

ஆனா சார் நிலைமையை விளக்கினார். மறந்து வைத்த பொருளை உரியவர் வந்து கேட்டால், திறந்து காட்டி உரிமையை நிரூபிக்கலாம். ஆகவே அக்கா மட்டும் சட்டப்படி பெட்டியைத் துளைக்கலாம். அதற்காக டிரில் மெஷின் ஒன்றை வரவழைத்திருந்தார். துளைத்தால் உறைகள் வெளியே வரும். அவள் விலையையும் படிக்கலாம். ஆனால் துளைபட்ட பெட்டி உடையக்கூடியது என்றாகி, அக்காவின் டெண்டருக்கு மாதிரியும் அதுதான் என்பதால் நிராகரிக்கப்படும். துளைக்காவிட்டால் பெட்டி தேறியது, உறையைத்தான் படிக்க முடியாது. பொழுது சாய்வதற்குள் எந்த உறையும் படிக்கப்படாவிட்டால் டெண்டர் காலாவதி. பட்டறையும் அதோடு.

8

முடிவுகள். நான் எழுதிப் பார்த்தவை:

அ) அக்கா மறுத்துவிடுகிறாள். மாநகராட்சியின் எல்லா டெண்டர்களும் அந்தப் பெட்டிக்குள் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஊரில் எதுவும் கட்டப்படுவதில்லை, எதுவும் வாங்கப்படுவதில்லை. மேயருக்குக் குடிக்கத் தம்ளர்கூட இல்லை. (சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அக்கா கவுண்டரில் உட்கார்ந்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

ஆ) அக்கா துளைக்கிறாள். அண்ணன் நஷ்ட விலையில் ஜெயிக்கிறார். பெட்டியைச் செய்ய ஆள் தெரியாமல் அக்காவிடமே வந்து (இல்லை. இது ஆசிரியருக்குப் பிடிக்கும். அதனாலேயே வேண்டாம்.)

இ) ஆனா சார் முதல் தடவையாக "எல்லாம் சரிதான்" என்று மட்டும் சொல்லி, அதோடு

இல்லை, அவர் அப்படிச் சொல்லமாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

அக்கா டிரில் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டாள். மறு கையைப் பெட்டியின் மேல் வைத்திருந்தாள், காய்ச்சலில் படுத்திருக்கிற பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீதானேடா எழுதுறே. நீயே சொல்லு, துளைக்கவா வேண்டாமா?"

தம்பியாக எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதுகிறவனாகவும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஆனா சார் ஜன்னல் வழியாக வெயில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறார்.

டிரில் மெஷினின் வயர் தரையில் நீண்டு கிடக்கிறது. பிளக்கை இன்னும் யாரும் செருகவில்லை. நாங்கள் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நிற்கிறோம், சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் எங்களுக்கு எட்டாது. சுவர்ப் பக்கமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான்.