காருக்குள் இருந்து சொன்ன விலை

1993 பெப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மில்லிக்கன் என்ற புறநகரில் ஒரு வீட்டுக்கு முன்னால் பத்மநாதனும் மனைவி கமலாம்பிகையும் காரில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களுடைய ஏஜன்ற் இக்னேசியஸ், அவர்கள் தரும் விலையை எழுதிய ஓஃபர் தாளோடு உள்ளே போயிருந்தார். அந்த நாட்களில் வீடு வாங்கும் முறை அதுதான். வாங்குகிறவர்கள் வாசலில் இருப்பார்கள். ஏஜன்ற் தாளோடு போய் வருவார். ஒவ்வொரு தடவையும் தாளில் ஒரு விலை வெட்டப்பட்டு இன்னொன்று எழுதப்பட்டிருக்கும்.

இக்னேசியஸ் பத்மநாதனின் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புக் கீழே படித்தவர். ஐந்து வார இறுதிகளில் பதினொரு வீடுகள் காட்டியிருந்தார். கடைசியாகப் பார்த்த இந்த வீடு கமலாம்பிகைக்குப் பிடித்தது. மூன்று அறை, நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். விற்பவர்கள் கேட்டது நூற்று எழுபத்தொன்பதாயிரம் டொலர். வங்கிக் கடனும் கையிருப்பும் சேர்ந்தால் நூற்று அறுபத்தெட்டாயிரம் வரும். அதற்கு மேலே இருந்தது கமலாம்பிகையின் சீட்டுக்காசு நாலாயிரம் மட்டும். கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த தங்கை பிரதீபாவை இங்கே கூப்பிடுவதற்காக அதை வைத்திருந்தாள்.

முதல்நாள் அவர்களுடைய அப்பார்ட்மென்ரில் ஓஃபர் எழுதும்போதே இக்னேசியஸ் எச்சரித்திருந்தார். அவர்களுக்கு வீடு காட்டுகிறவர் என்றாலும், தான் சட்டப்படி விற்பவர்களின் ஆள் என்றார். கமிஷன் தருவதும் அவர்கள்தான். எவ்வளவு வரைக்கும் தர முடியும் என்று தனக்குச் சொல்லவேண்டாம், விற்பவர்கள் கேட்டால் ஒளிக்க முடியாது என்றார்.

பத்மநாதன் அதை ஒரு சம்பிரதாயப் பேச்சாகவே எடுத்துக்கொண்டார். "உமக்கு ஒளிச்சுப்போட்டு வேற ஆருக்கு ஐசே சொல்லுறது?" என்று சிரித்தார். ஓஃபரில் நூற்று அறுபத்தைந்து எழுதச் சொல்லிவிட்டு, சோற்றுக் கோப்பையை அவர் பக்கம் தள்ளியபடி, நூற்று எழுபத்திரண்டு வரைக்கும் போகலாம் என்றும் சொன்னார். குசினிக்குள் நின்ற கமலாம்பிகைக்கு அது கேட்டது. வந்த ஆளுக்கு முன்னால் மறுக்காமல் கறியைக் கொண்டுவந்து வைத்தாள்.

இக்னேசியஸ் முதல் தடவை வெளியே வந்தபோது தாளில் நூற்று எழுபத்தாறு இருந்தது. பத்மநாதன் அறுபத்தைந்திலேயே நின்றார். இரண்டாம் தடவை நூற்று எழுபத்திரண்டு இருந்தது. ஒரு சதம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"சொல்லிப்போட்டீரோ?" என்று கேட்டார் பத்மநாதன்.

"கேட்டவை அண்ணை. சொன்னனான்."

"எங்கட ஆள் எண்டு வீட்டில வைச்சுச் சோறு போட்டனான்."

இக்னேசியஸ் காருக்குள் ஏறாமல் பனியில் நின்றார். பத்மநாதன் மனைவியின் பக்கம் திரும்பி, தங்கைக்கு அடுத்த வருஷம் இன்னொரு சீட்டுப் பிடிக்கலாம் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பேனையை எடுத்தார்.

கமலாம்பிகை தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"தம்பி, விலையைப் பற்றி நாங்கள் கதைக்கிறது எல்லாத்தையும் அவைக்குச் சொல்ல வேணுமோ?"

"கேட்டால் ஓம் அக்கா."

"அப்ப இதையும் சொல்லுங்கோ. இவர் சொன்னதில நாலாயிரம் என்ர சீட்டுக்காசு. அது தங்கச்சி வாறதுக்கு. என்னைக் கேளாமல் சொன்னவர். நான் தரமாட்டன். நூற்றி அறுபத்தெட்டுக்கு மேல எங்களிட்ட இல்லை."

வீடு போய்விடும் என்றார் பத்மநாதன். போனால் போகட்டும் என்றாள். இக்னேசியஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விலையை வெட்டி நூற்று அறுபத்தெட்டு என்று எழுதி, இரண்டு பேரிடமும் சுருக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நாற்பது நிமிடம் ஆனது. பத்மநாதன் பெற்றோலை நினைத்து எஞ்சினை நிறுத்துவதும், குளிருக்குத் திரும்பப் போடுவதுமாக இருந்தார். தங்கச்சிக்கு வேறு வழி பார்த்திருக்கலாம் என்று ஒருதரம் சொன்னார். வீட்டு ஜன்னலுக்குள் விற்பவர்களின் ஏஜன்ற், கண்ணாடி போட்ட பெண், எழும்பி நடப்பதும் இருப்பதும் தெரிந்தது.

இக்னேசியஸ் வந்து கதவைத் திறந்து பின்சீற்றில் ஏறினார்.

"ஒத்துக்கொண்டிட்டினம். உடுப்புத் தோய்க்கிற வோஷரும் ட்ரையரும் வீட்டோட தரமாட்டினமாம்."

"எங்களிட்ட இனிக் காசில்லை எண்டதை நம்பினவையோ?" என்றார் பத்மநாதன்.

"நான் சொன்னால் நம்பத்தானே வேணும் அண்ணை. நான் அவையின்ர ஆள்."

கமலாம்பிகை தாளை வாங்கி மடியில் வைத்து, முதலில் தன் கையெழுத்தைப் போட்டாள்.