ரௌனோ கிளம்பிய வாரத்துக் கர்னல்

இப்போதெல்லாம் மலிவான கிராபிக்ஸ் கார்டைக்கூட லினக்ஸ் கணினியில் செருகியதும் ஆட்டம் ஓடிவிடுகிறது. வசதிதான். ஆனால் பெருமையடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

அன்று என்னிடம் இருந்தது கடையிலேயே விலை குறைந்த கார்டு. சூடு தணிக்கும் காற்றாடிகூடக் கிடையாது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை நானே கம்பைல் செய்து ஓட வைத்திருந்தேன். அந்த மிதப்பில் விண்டோஸ்காரர்களைப் பார்த்து இரக்கப்படுவேன். அவர்கள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், நான் இரக்கப்பட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு விண்டோஸ்காரன்தான் ரௌனோ. பள்ளிக்கூடத்திலிருந்தே கணினி ஆட்டத்தில் என் ஜோடி. நார்வேக்கு வேலைக்குப் போவதை, கார் டயர் மாற்றப்போவதைச் சொல்வது போலச் சொன்னான். எங்கள் ஃபின்லாந்து ஊரான ஓவுலுவில், பிரிந்து போவதைப் பற்றி ஆண்கள் அதற்கு மேல் பேசுவதில்லை. மீதியை விளையாட்டில் பேசிக்கொள்வோம். அவன் கிளம்புவதற்கு முன் வந்த சனிக்கிழமை, சர்ச் கூடத்தில் எல்லோரும் கணினிகளைத் தூக்கி வந்து ஆடும் போட்டி. கடைசியாக ஒருமுறை சேர்ந்து ஆடுவது என்று முடிவானது.

அன்று காலை என் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸ்காரனால் அதைச் சகித்துக்கொள்ள முடியுமா? லினக்ஸின் மூளையான கர்னலில் புதிய பதிப்பு வந்திருந்தது. விசேஷ நாளாயிற்றே என்று, கல்யாணத்துக்குப் புதுச் சட்டை போடுவது போலப் போட்டேன். இடத்தை அடைக்கிறதென்று பழையதை அழித்தும் விட்டேன்.

டிரைவர் அந்தப் பழைய கர்னலுக்காகக் கட்டப்பட்டது என்பது கூடத்தில் திரை விழித்தபோதுதான் உறைத்தது. சரிசெய்ய இணையம் வேண்டும். சர்ச்சில் ஆண்டவரோடு மட்டும்தான் இணைப்பு இருந்தது. கார்டு கைவிட்டதால் பிராசஸரே தட்டுத்தடுமாறிப் படம் வரைந்தது. ஒரு படம், நீண்ட யோசனை, அடுத்த படம்.

போட்டியை நடத்திய ஹெல்வி, ரௌனோவுக்கு வேறு ஜோடி தருவதாகச் சொன்னாள். நானும் போகச் சொன்னேன்.

"என்னோட ஆடுனா தோத்துருவடா."

"தோத்தா என்ன, நார்வேல கேக்கவா போறாங்க?" என்றவன், ஹெல்வி பக்கம் திரும்பினான். "இவனே இருக்கட்டும். மெதுவாத்தான் வருவான். எனக்குப் பழகிப்போச்சு."

என் திரையில் வந்த ஒவ்வொரு படத்திலும் ரௌனோவின் வீரன் எனக்கு முன்னால், முதுகைக் காட்டியபடி நின்றிருந்தான். நான் ஓர் அடி நகர்ந்தால் அவனும் ஓர் அடி. அவன் ஓடித் தப்பிக்க எத்தனையோ வழி இருந்தது. என்னைச் சுட வந்த குண்டுகளையெல்லாம் அவனே வாங்கிக்கொண்டு விழுந்தான். அடுத்த படத்தில் நானும் விழுந்து கிடந்தேன். முதல் சுற்றிலேயே வெளியே.

காபி எடுக்கப் போகும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"கிறிஸ்துமஸுக்கு வர்றேன். சரி பண்ணி வை. அப்புறம் எதையும் தொடாத."

அன்று மாலையே டிரைவரைச் சரிசெய்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ புதிய கர்னல்கள் வந்தன. டிசம்பர் வரை ஒன்றைக்கூடப் போடவில்லை. ஒரு லினக்ஸ்காரன் இதைவிடப் பெரிதாக அன்பைக் காட்ட வழியிருந்தால், எனக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.